பனித்தடத்தில் ஸ்னோமொபைல் விபத்துகள்: ஏன் நடக்கின்றன, எப்படித் தவிர்ப்பது?

கேள்வி இதுதான்: பனியைச் சமப்படுத்தி, அறிவிப்புப் பலகை நட்டுப் பராமரிக்கும் தடங்களில்தானே பெரும்பாலோர் ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டுகிறார்கள், பிறகு ஏன் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இவ்வளவு விபத்து? புதிதாக ஓட்டப்போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

தடம் சாலை மாதிரி தெரிவதுதான் முதல் சிக்கல். அது சாலை அல்ல. நடுக்கோடு கிடையாது, ஓரத்தில் தடுப்பு கிடையாது. வளைவுக்கு அப்பால் எதிரே வண்டி வருகிறதா, மரம் விழுந்து கிடக்கிறதா என்று முன்கூட்டித் தெரியாது. நேற்று இறுகிக் கிடந்த பனி இன்று மதிய வெயிலில் இளகி, மாலையில் கண்ணாடி போல உறைந்திருக்கும். மரத்தில் மோதியது, எதிர்வண்டியில் மோதியது, முன்னால் போனவரின் பின்புறத்தில் ஏறியது என்று விபத்துகளுக்குப் பல பெயர் இருந்தாலும், தோண்டிப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே: கண்ணுக்குத் தெரிந்த தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் வண்டி போயிருக்கிறது. மது, இருட்டு, அனுபவக் குறைவு எல்லாம் இந்த ஒன்றைத்தான் மேலும் மோசமாக்குகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது உறைக்கும். இரவில் லோ பீமில் (முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளியில்) தெளிவாகத் தெரிவது சுமார் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்டு, புரிந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை விநாடி ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை விநாடியிலேயே 33 மீட்டர் ஓடிவிடும். மிச்சம் இருப்பது 27 மீட்டர். அதற்குள் வண்டி நிற்க வேண்டுமானால், காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் போட்ட காருக்குக் கிடைக்கும் பிடிமானம் வேண்டும். பனியில் அதை எதிர்பார்க்கவே முடியாது. அதாவது, தடையைப் பார்த்த நொடியிலேயே மோதல் உறுதியாகிவிட்டது. 50 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒன்றரை விநாடிக்கு 21 மீட்டர் போகும், பிரேக் பிடிக்க 39 மீட்டர் கிடைக்கும். இறுகிய பனியில் இது நடக்கக்கூடியது. அதுவே பளபளக்கும் பனிக்கட்டியாக இருந்தால் 50 கூட அதிகம்.

எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளுக்கு இது இன்னும் கொடுமை. ஆளுக்கு 60 கிலோமீட்டர் என்றால் இடையில் இருக்கும் தூரம் விநாடிக்கு 33 மீட்டர் குறைகிறது. வளைவில் 40 மீட்டர்தான் தெரிகிறது என்றால் கையில் இருப்பது 1.2 விநாடி. பிரேக்கைத் தொடவே நேரம் போதாது. அதனால்தான் குருட்டு வளைவிலும் மேட்டின் உச்சியிலும் வலப்பக்கம் ஒட்டிப் போவதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம். எதிரே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு நடுவில் ஓட்டலாம் என்பவர்கள், தெரியாத இடத்திலும் நடுவில்தான் வருவார்கள்.

சட்டமும் இதையொட்டியே வேக வரம்பு வைத்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தடங்களில் பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டர், கியூபெக் மாகாணத்தில் 70. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 50 மைல். அங்கேயே விஸ்கான்சின் மாநிலத்தில் இரவு நேரத்துக்கு மட்டும் 55 மைல். ஆனால் வரம்பு என்பது நல்ல பனியில், தெளிவான பார்வையில் போகக்கூடிய அதிகபட்சம். 55 மைல் என்பது கிட்டத்தட்ட 88 கிலோமீட்டர். மேலே போட்ட கணக்கின்படி லோ பீமை நம்பி அந்த வேகத்தில் போகிறவர் சட்டப்படி சரி, இயற்பியல்படி தவறு.

அடுத்து, வண்டி எப்படித் திரும்புகிறது, எப்படி நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கார், பைக் ஓட்டிய பழக்கத்தை நம்பி ஏறுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஸ்னோமொபைலில் பிரேக் முன்னால் உள்ள ஸ்கீகளுக்கு (சறுக்குப் பலகைகளுக்கு) கிடையாது. அது பின்னால் சுழலும் டிராக்கை (அகலமான ரப்பர் பட்டையை) மட்டும்தான் பிடிக்கும். வளைவில் பயந்து பிரேக்கை இறுக்கினால் டிராக் பூட்டிக்கொண்டு வழுக்கும். பின்பகுதி பக்கவாட்டில் இழுக்கலாம், அல்லது ஹேண்டில் திருப்பியிருந்தும் வண்டி நேராகவே மரத்தை நோக்கிப் போகலாம். ஆகவே வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதையும் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்ததும் உடம்பை முன்னுக்கும் உள்பக்கத்துக்கும் சாய்த்து, ஸ்கீகள் மேல் எடை விழச் செய்து, திராட்டிலை (வேகம் கூட்டும் நெம்பை) மெல்லியதாக ஒரே சீராகப் பிடியுங்கள். திடீரென்று திராட்டில் கொடுத்தால் முன்பகுதி எழும்பி ஸ்கீயின் பிடி போய்விடும்.

வண்டி கவிழப்போவது போலத் தோன்றினால் காலை வெளியே ஊன்றித் தாங்கப் பார்ப்பது இயல்பான எதிர்வினை. அதைச் செய்யவே கூடாது. 200, 300 கிலோ எடையுள்ள வண்டி, உங்கள் கால் பனியில் புதைந்த நிலையில், அதன் மேலேயே உருளும். இரண்டு பாதங்களும் எப்போதும் வண்டியின் பக்கப் பலகையில் இருக்கட்டும், சாய்வை உடம்பால் சமாளியுங்கள்.

ஸ்கீகளின் அடியில் உள்ள கார்பைடு பட்டைகள்தான் பனியைக் கீறிப் பிடித்து வண்டியைத் திருப்புகின்றன. அவற்றின் விளிம்பு மழுங்கி உருண்டையாகிவிட்டால் திருப்பத்தில் வண்டி வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். விரலால் தடவிப் பாருங்கள். கூர்மை தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். டிராக்கில் ஸ்டட் எனப்படும் ஆணிகள் அடித்தால் பனிக்கட்டியில் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பின்பக்கப் பிடி மட்டும் கூடி, முன்னால் பழைய கார்பைடே இருந்தால், டிராக் தள்ளும் வேகத்துக்கு ஸ்கீ திரும்பாது. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். சில இடங்களில் தடத்துக்கும் தார்ச்சாலைக்கும் சேதம் என்று ஸ்டட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு, வாங்கும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இன்ஜின் அணைந்திருக்கும்போதே திராட்டில் நெம்பை வலது கட்டைவிரலால் முழுக்க அழுத்திவிட்டு விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி என இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி இதையே மறுபடி செய்யுங்கள். கேபிளுக்குள் ஈரம் புகுந்து உறைந்தால் திராட்டில் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். நின்ற வண்டி கட்டுப்பாடில்லாமல் பாய்வதற்கு இது முக்கியமான காரணம். பிரேக் நெம்பு கைப்பிடியைத் தொடும் வரை இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, டெதர் எனப்படும் பாதுகாப்புக் கயிற்றை இழுத்துப் பாருங்கள், இன்ஜின் உடனே நிற்க வேண்டும். அவசர நிறுத்த பட்டனையும் தனியாகச் சோதியுங்கள்.

டெதர் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் ஒரு முனை வண்டியில், மறுமுனை உங்கள் கோட்டில் உள்ள வளையத்தில் மாட்டியிருக்க வேண்டும். நீங்கள் தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று இன்ஜின் நிற்கும். ஆளில்லாத வண்டி பின்னால் வருபவர் மேல் ஏறாது, மேட்டிலிருந்து உங்கள் மேலேயே திரும்பி உருளவும் செய்யாது. தொந்தரவாக இருக்கிறது என்று ஹேண்டிலிலேயே சுற்றி வைப்பவர்களைத் தடத்தில் நிறையப் பார்க்கலாம். அப்படி வைத்தால் அந்தக் கயிறு இருந்தும் இல்லாததுதான்.

விளக்குகளில் பின்விளக்குதான் கவனம் கேட்கும். ஓடும்போது டிராக் கிளப்பும் பனித்தூள் பின்விளக்கில் படிந்து உறைந்து, ஒரு மணி நேரத்தில் அதை மூடிவிடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையுறையால் துடைத்துவிடுங்கள். டிராக் உறைந்து ஒட்டியிருந்தால் பின்பக்கத்தைத் தாங்கியில் தூக்கி வைத்து மெதுவாகச் சுழற்றலாம். அப்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது; தளர்ந்த ஸ்டட்டோ கல்லோ தெறித்தால் துப்பாக்கிக் குண்டுபோல வரும். டிரைவ் பெல்ட்டையும் கிளட்சையும் மறைக்கும் மூடி இல்லாமல் இன்ஜினை ஓடவிடுவதும் இதே வகை ஆபத்து.

குழுவாகப் போகும்போது நடக்கும் விபத்து தனி ரகம். முன்வண்டி எழுப்பும் பனித்தூள் மேகத்துக்குள் பின்னால் வருபவர் போகிறார். அவருக்கு முன்வண்டியின் விளக்கும் தெரியாது, வளைவும் தெரியாது, எதிரே வருபவரும் தெரியாது. பின்தங்கிவிடக் கூடாது என்ற அவசரத்தில் வேகத்தையும் குறைக்க மாட்டார். முன்னால் போனவர் ஏதோ காரணத்துக்காக நின்றிருந்தால் அவ்வளவுதான். முன்வண்டி ஓர் அடையாளத்தைக் கடந்தபின் நீங்கள் அங்கே போய்ச் சேரக் குறைந்தது 4 விநாடி ஆகட்டும். பனித்தூள் அடங்கவில்லை என்றால் அடங்கும் வரை இடைவெளியைக் கூட்டுங்கள். பின்தங்கும் பயத்தைப் போக்க எளிய ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு சந்திப்பிலும், திரும்பும் முன், தனக்குப் பின்னால் வருபவர் கண்ணில் படும் வரை நிற்க வேண்டும் என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாதை தெரிந்த அனுபவசாலி முன்னால், இன்னொரு அனுபவசாலி கடைசியில், புதியவர் தலைவருக்கு அடுத்தபடி. வேகத்தைப் புதியவர்தான் நிர்ணயிக்க வேண்டும்.

கைச்சைகைகள் எல்லாம் இடது கையால்தான், ஏனென்றால் வலது கை திராட்டிலை விட முடியாது. கையை நேராக மேலே தூக்கினால் நிற்கப்போகிறேன். பக்கவாட்டில் நேராக நீட்டினால் இடப்பக்கம் திரும்புகிறேன், முழங்கையை மடக்கி முன்கையைச் செங்குத்தாக நிறுத்தினால் வலப்பக்கம். பக்கவாட்டில் தாழ்த்தி ஆட்டினால் வேகம் குறைக்கிறேன். எதிரே வருபவருக்கு, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் எனக்குப் பின்னால் இன்னும் வண்டிகள் உண்டு. முஷ்டியை மூடிக் காட்டினால் நான்தான் கடைசி. ஆனால் பிரேக்கும் இடது கையில்தான் இருக்கிறது. வளைவிலோ குண்டு குழியிலோ சைகைக்காகக் கையை எடுக்காதீர்கள். சைகையை விட பிரேக் முக்கியம். எதிரே வருபவர் காட்டிய சைகையை நம்பி நடுத்தடத்துக்கு வருவதும் கூடாது. அவர் குழுவில் இல்லாத இன்னொருவர் பின்னால் வரலாம்.

தடத்தைச் சமப்படுத்தும் க்ரூமர் வண்டி பெரும்பாலும் இரவில்தான் வரும், சமப்படுத்திய பனி இறுகக் குளிர் வேண்டும் என்பதால். அது மெதுவாக, கிட்டத்தட்டத் தடத்தின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வரும். பனிமூட்டத்துக்குள் மஞ்சள் விளக்கு மின்னினால் உடனே வேகத்தைக் குறைத்து வலது ஓரம் ஒதுங்கி நில்லுங்கள். பின்னாலிருந்து கடப்பதென்றால் ஓட்டுநர் உங்களைப் பார்த்துக் கை காட்டும் வரை பொறுங்கள். அது இழுத்துவரும் இரும்புச் சட்டம் பக்கவாட்டில் நகரும்.

சாலையைக் கடக்கும் இடங்களில் வண்டியை முழுக்க நிறுத்தி, எழுந்து நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஹெல்மெட்டும் இன்ஜின் சத்தமும் கார் வரும் ஒலியைக் கேட்கவிடாது. கடக்கும்போது செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். தார் மேல் கார்பைடு பிடிக்காது. நடுச்சாலையில் திரும்பலாம் என்று நினைத்தால் வண்டி திரும்பாது. குழுவில் ஒவ்வொருவரும் தாமே பார்த்துக் கடக்க வேண்டும், முன்னால் போனவர் கை அசைத்ததை வைத்து அல்ல.

உறைந்த ஏரியும் ஆறும் வேறு கணக்கு. தெளிந்த புதுப் பனிக்கட்டி 5 முதல் 7 அங்குலம் இருந்தால் ஸ்னோமொபைலைத் தாங்கும் என்பது மினசோட்டா இயற்கை வளத் துறையின் வழிகாட்டுதல். கனடா செஞ்சிலுவைச் சங்கம் 25 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 10 அங்குலம் கேட்கிறது. இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இவை தெளிந்த கட்டிக்குத்தான் பொருந்தும். பனி கலந்து வெள்ளையாக உறைந்த கட்டி அதில் பாதி வலுதான், ஆகவே இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். ஓடை வந்து சேரும் வாய், நீர் வெளியேறும் இடம், பாலத்தின் அடி, குறுகிய நீர்வழி, நாணல் விளிம்பு, படகுத்துறையைச் சுற்றிக் காற்றுக்குமிழி விடும் இடங்கள் ஆகியவை ஏரி முழுக்க உறைந்த பிறகும் மெலிந்தே இருக்கும். மேலே கிடக்கும் பனி போர்வையாகி, கட்டி தடிக்கவிடாமல் செய்யும். அடையாளக் கம்பு நட்ட வழியை விட்டு விலகாதீர்கள். திறந்த நீரின் மேல் வேகமாகப் பாய்ந்து கடக்கலாம் என்ற விளையாட்டில் டிராக்கின் வேகம் கொஞ்சம் தளர்ந்தாலும் வண்டியோடு மூழ்க வேண்டியதுதான்.

நீரில் விழுந்துவிட்டால் நினைவில் வைக்க வேண்டியது 1-10-1. மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு இது. முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்பாடின்றி இழுக்கும். தலையை நீருக்கு மேலே வைத்து மூச்சை நிதானப்படுத்துவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், வெளியேற வேண்டியது அதற்குள்தான். அதன் பிறகும் உடல் குளிர்ந்து நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம் ஆகும் என்பதால், விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று பதற வேண்டாம். வந்த திசைக்கே திரும்புங்கள். உங்களை இதுவரை தாங்கிய கட்டி அங்கேதான் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் பனி ஊசிகளை (கைப்பிடி உள்ள கூரான ஆணிகளை) கட்டியில் குத்தி, கால்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி உதைத்து, வயிற்றால் வழுக்கி மேலேறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள். ஊசிகள் பெட்டிக்குள் இருந்தால் பயன் இல்லை, உடம்பில் இருக்க வேண்டும். மிதக்கும் வகை உடை போட்டிருந்தால் இந்த வேலைகள் எல்லாமே பாதி எளிது.

மதுவைப் பற்றிச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. கனடாவில் கார் ஓட்டுவதற்கான அதே குற்றவியல் சட்டம்தான் ஸ்னோமொபைலுக்கும்: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். ஆனால் அந்த அளவுக்குக் கீழேயே எதிர்வினை நேரம் நீண்டுவிடும். மேலே ஒன்றரை விநாடி என்று போட்ட இடத்தில் 2 விநாடி போட்டுப் பாருங்கள். போதாததற்கு, மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே விடும், ஆளுக்கோ கதகதப்பாக இருப்பதாகத் தோன்றும். குடிப்பதென்றால் சாவியை வண்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, அன்றைய ஓட்டம் முழுக்க முடிந்த பிறகு.

குளிரே தனியாக ஒரு விபத்துக் காரணம். மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று மைனஸ் 31 போல உறைக்கும். அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அதற்கு முன்பே விரல்கள் மரத்துப்போய்ப் பிரேக்கின் அழுத்தம் தெரியாமல் போகும். ஹெல்மெட் கண்ணாடிக்குள் மூச்சு படிந்து உறைந்தால் பாதை மறையும். இரட்டைக் கண்ணாடியோ மின்சூடு உள்ள கண்ணாடியோ வாங்குவது வீண் செலவு அல்ல. பருத்தி உடை உள்ளே வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரூட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் குழந்தை மருத்துவர் அமைப்புகளின் நிலை கறாரானது. 16 வயதுக்குக் கீழே ஓட்ட வேண்டாம், 6 வயதுக்குக் கீழே பயணியாகவும் ஏற்ற வேண்டாம் என்கின்றன கனடா, அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கங்கள். பல இடங்களில் சட்டம் இதைவிடத் தளர்வாக இருக்கிறது. இருந்தாலும், 250 கிலோ வண்டியை உடம்பைச் சாய்த்துத் திருப்பும் எடை பிள்ளைக்கு இல்லை என்பது சட்டத்தால் மாறாது.

விபத்து நடந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, அடிபட்டவரிடம் எல்லோரும் ஓடுவது அல்ல. ஒருவர் அவரிடம் போகட்டும், மற்ற இருவர் தடத்தின் இரண்டு பக்கமும் வளைவுக்கு அப்பால் 100 மீட்டராவது போய், வரும் வண்டிகளை நிறுத்தட்டும். இல்லாவிட்டால் இரண்டாவது மோதல் நடக்கும். மூச்சு தடைபடாத வரை ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். பீறிடும் ரத்தத்தை அழுத்திப் பிடியுங்கள். பிறகு குளிர்: மேலே போர்த்துவது மட்டும் போதாது, அசைப்பது பாதுகாப்பு என்று தெரிந்தால் உடம்புக்கும் பனிக்கும் நடுவே கோட்டோ இருக்கைத் துணியோ விரியுங்கள். கீழிருந்துதான் சூடு வேகமாக இறங்கும். மரத்தில் மோதியவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும், மார்பிலோ வயிற்றிலோ ஹேண்டில் இடித்திருந்தால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். அவரைத் திரும்ப ஓட்டவிடாதீர்கள்.

உதவி கேட்க இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். தடச் சந்திப்புகளில் உள்ள எண்களைப் போகும்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மீட்புக் குழுவுக்கு அதுவே முகவரி. கைபேசி குளிரில் சீக்கிரம் அணைந்துவிடும், உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். பல தடங்களில் சிக்னலே கிடையாது என்பதால் குழுவுக்கு ஒரு செயற்கைக்கோள் தகவல் கருவி அவசியம். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மோதிய வண்டியை, வெளியே கீறல் மட்டும்தான் தெரிகிறது என்று அப்படியே ஓட்டித் திரும்ப வேண்டாம். ஹேண்டிலை நேராகப் பிடித்து ஸ்கீகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே திசையில் இல்லை என்றால் ஸ்டியரிங் தண்டு வளைந்திருக்கலாம், அடுத்த குழியில் அது முறியலாம். பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் வாரும், மாற்று டிரைவ் பெல்ட்டும் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். ஹெல்மெட் ஒருமுறை பலமாக அடி வாங்கியிருந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும். அடுத்த ஓட்டத்துக்கு முன்பே புதியது வாங்கிவிடுங்கள்.